துரும்பும் தூசியும் ஹைட்ரஜனும்

(நூலக ஆண்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்கும் ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருக்கும் செயலாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: ஹைட்ரஜன் மூலக்கூறு விண்வெளியில் எப்படிப் பிறக்கிறது, எப்படி உடைகிறது, அதிலிருந்து நட்சத்திரம் எப்படி வருகிறது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். விண்மேகத்தில் அந்தத் துரும்பு, தூசி. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெட்டவெளியில் சந்தித்தால் ஒட்டுவது அபூர்வம். சேரும்போது வரும் ஆற்றலை வாங்கிக்கொள்ள யாராவது வேண்டுமே! தூசித் துகள் வாங்கிக்கொள்கிறது.

பிறந்த மூலக்கூறை உடைக்க 4.5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அந்த அளவு ஒளி பட்டால் மூலக்கூறு அசையாது. 11.2க்கு மேல் உள்ள புறஊதா ஒளி வேண்டும். அதை விழுங்கி ஆற்றல் படியில் மேலே ஏறிய மூலக்கூறு கீழே இறங்கும்போது, ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் உடைகிறது. மற்றவை அதிர்ந்துகொண்டே அகச்சிவப்பில் ஒளிர்கின்றன, அதில் 2.12 மைக்ரான் அலைநீளத்தில் வரும் நிறமாலைக் கோடு பிரசித்தம். வெளி அடுக்கில் இருப்பவை ஒளியை வாங்கிக்கொள்வதால் உள்ளே இருப்பவை பிழைக்கின்றன. இந்தப் புறஊதா நம் காற்றைத் தாண்டி வராது. அதனால்தான் 1970இல் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் கரத்தர்ஸ் ராக்கெட்டில் கருவி அனுப்பி, விண்வெளியில் இந்த மூலக்கூறு இருப்பதை முதன்முதலில் கண்டார்.

இதெல்லாம் நடக்கும் இடம் ஒன்றை நானே காட்டியிருக்கிறேன். ஒரு தை மாதம், எங்கள் தெருவில் கரண்ட் போனது. பிள்ளைகள் மொட்டைமாடிக்கு ஓடி வந்தார்கள். பைனாகுலரில் ஓரியன் நெபுலாவை, அதாவது நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு-தூசி மேகத்தைக் காட்டினேன். ஒரு பொடியன் பார்த்தான், கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான், மறுபடி பார்த்தான். “சார், தூசி போகலையே!” என்றான். “போகாதுடா, அது 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற தூசி” என்றேன். பக்கத்து வீட்டு அக்கா, பாட்டி, பால்காரர் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பாட்டி முறை வந்தபோது கரண்ட் வந்துவிட்டது. தெருவிளக்கு பளீரென்றது. “எங்கப்பா காணோம்?” என்றார் பாட்டி.

அந்தப் பாட்டிக்காகத்தான் கேட்கிறேன். தெருவிளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. மேல்பக்கம் ஒரு மூடி போடுங்கள் என்கிறேன். வெளிச்சம் தரைக்குத்தானே வேண்டும்? ஒரு தகரத் துண்டு. சிறு துரும்பும் பல் குத்த உதவும், உறுப்பினர் அம்மா!

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, செயலாளர் மணி அடித்துவிட்டார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.