நாலு பார்வை வாங்கிய எட்டாம் பாகம்

[திரையில்: பழைய வீடியோக்களின் பட்டியல், பாகம் 1 முதல் பாகம் 8 வரை]

என் யூடியூப் சேனலில் முதலில் போட்ட தொடர் இது. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய வீடியோ விளையாட்டை முதல் நாளிலிருந்து ஆடி, பாகம் பாகமாக ஏற்றினேன். முதல் பாகத்துக்கு 61 பார்வை. எட்டாம் பாகத்துக்கு 4. அதில் இரண்டு நான், ஒன்று என் தம்பி. நாலாவது பார்வை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆட்டம் ஒன்றும் மோசமில்லை. ஆனால் எட்டாம் பாகம் புரிய வேண்டுமென்றால் முந்தைய ஏழையும் பார்த்திருக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவன் வயல் உழுவதை மூன்று மணி நேரம் பார்க்க யாருக்கு என்ன தலையெழுத்து? பெரிய சேனல்காரர்கள் அப்படித்தானே போடுகிறார்கள் என்பீர்கள். அவர்களுக்கு ஆள் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று. நம்மிடம் வருகிறவர் நம்மைத் தேடி வரவில்லை. ஆட்டத்தில் எங்கோ மாட்டிக்கொண்டு, வழி தேடி வருகிறார்.

[திரையில்: திருவிழாக் கடை. ஸ்ட்ராபெர்ரி விதை, விலை 100]

அப்படி ஒரு இடம் இது. வசந்த காலம் 13ஆம் நாள் முட்டைத் திருவிழா. ஸ்ட்ராபெர்ரி விதை 100 காசு. முதல் பழத்துக்கு எட்டு நாள், அப்புறம் நாலு நாளுக்கு ஒரு முறை. அன்றே நட்டால் 21ஆம் நாள் ஒரு பறிப்பு, 25ஆம் நாள் இன்னொன்று. 28ஆம் நாளோடு பருவம் முடிந்துவிடும். சாதாரணப் பழம் 120க்குப் போகும், ஆக ஒரு விதைக்கு 240. சிக்கல் என்னவென்றால், திருவிழா முடிந்து வீடு வரும்போது இரவு 10 மணி. அதற்கு மேல் மண்ணைக் கொத்தி, தண்ணீர் ஊற்றி, நட்டு முடிப்பது பெரும்பாடு. காலையிலேயே கொத்தி நனைத்துவிட்டுத் திருவிழாவுக்குப் போனால், இரவில் விதையை வைத்தால் போதும்.

இதை மட்டும் நாலரை நிமிட வீடியோவாகப் போட்டேன். எட்டுப் பாகங்களுக்கும் சேர்த்து வந்த கூட்டத்தை அது ஒரே வாரத்தில் தாண்டியது. கூட்டம் என்றால் சில நூறு பேர்தான், ஆனால் தேடி வந்தவர்கள். சேனல் நடத்துகிறவர்களுக்கான யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில், எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்று பார்க்கலாம். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். அதனால் இப்போது தலைப்பு தமிழ் எழுத்தில், விளக்கப் பெட்டியின் முதல் வரியில் அதே கேள்வி ஆங்கில எழுத்தில்.

[திரையில்: வீடியோ ஓட ஓட எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும் ரிடென்ஷன் கிராஃப். தொடக்கத்திலேயே செங்குத்தாகச் சரியும் கோடு]

இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கிய படம். 30ஆம் விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்று ஸ்டுடியோவே சொல்லும். என் வீடியோவில் பாதிக்கும் குறைவு. ஏன் என்று முதல் அரை நிமிடத்தை ஓட்டிப் பார்த்தேன். எட்டு விநாடி லோகோ சுழல்கிறது. பிறகு வணக்கம் மக்களே, சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனை அமுக்குங்க. விதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் போய் மணியை ஆட்டச் சொல்லியிருக்கிறேன்!

ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டினேன். ஏற்கெனவே ஏற்றிய வீடியோவிலேயே செய்யலாம், பார்வைகளும் கமென்ட்களும் அப்படியே இருக்கும். இப்போது அது "மணி இரவு பத்து, விதை கையில், என்ன செய்வது?" என்று தொடங்குகிறது. இந்த வீடியோவிலும் நான் இன்னும் வணக்கம் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

கிராஃபில் மேடு தெரிந்தால் அது அடுத்த வீடியோவுக்கு அழைப்பு. திரும்ப ஓட்டிப் பார்த்த இடம் அது. எனக்கு, பயிருக்குத் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வைத்த இடத்தில் மேடு வந்தது, அடுத்த வாரம் அதையே எடுத்தேன்.

[திரையில்: ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள். மைக்குக்கு ஒரு டிராக், ஆட்டத்துக்கு ஒரு டிராக்]

படம் சற்று மங்கினாலும் பொறுப்பார்கள். சத்தம் கெட்டால் போய்விடுவார்கள். ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசம். அதில் மைக்கையும் ஆட்டத்தின் ஒலியையும் தனித்தனி டிராக்கில் பதியுங்கள். ஆட்டத்தின் இசை பேச்சை அமுக்கினால் பிறகு குறைக்கலாம், ஒன்றாகக் கலந்துவிட்டால் பிரிப்பது பெரிய தலைவலி. எம்கேவி என்ற கோப்பு வடிவில் சேமித்தால், நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் பிழைக்கும். அப்புறம், சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஓபிஎஸ்ஸில் இரைச்சல் குறைக்கும் ஃபில்டர் உண்டுதான், ஆனால் அதை ஏற்ற ஏற்றக் குரல் வாளிக்குள் பேசுவது போல ஆகிவிடுகிறது. நான் வியர்க்க வியர்க்கப் பேசிவிட்டு எழுந்திருப்பதுதான் வழக்கம்.

பணம் வருமா என்று வீட்டில் கேட்பார்கள். விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்கள் வழியாகப் போவதென்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. 4000 மணி என்றால் 2,40,000 நிமிடம். ஆளுக்குச் சராசரியாக மூன்று நிமிடம் என்று வைத்தால் 80,000 பார்வை. சில நூறு பார்வை வாங்கும் நான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மாதம் இரண்டு வீடியோ என்று நிறுத்திக்கொண்டேன். வேலைக்குப் போகிற ஆளுக்கு அதுவே ஞாயிற்றுக்கிழமையைத் தின்கிறது.

[திரையில்: மீண்டும் ஸ்ட்ராபெர்ரி வீடியோவின் கிராஃப், 2:40 இடத்தில் ஒரு பள்ளம்]

முன்பக்கத்தை வெட்டிய பிறகு சரிவு குறைந்தது. ஆனால் 2:40இல் இன்னொரு பள்ளம் தெரிகிறது. ஓட்டிப் பார்த்தேன். அங்கே நான், நேரம் போவது தெரியாமல், விளையாட்டில் இருக்கும் என் பூனையைப் பற்றி இருபது விநாடி பேசிக்கொண்டிருக்கிறேன். அதை இன்னும் வெட்டவில்லை.