நாய்க்கு வாங்கும் பூச்சி மாத்திரை, மனிதருக்கு வந்த கேன்சர்

[திரையில்: மருந்துக்கடை அலமாரி. ஒரு தட்டு மட்டும் காலி.]

2019 செப்டம்பர், தென் கொரியா. நாய்க்குப் பூச்சி மருந்து கேட்டால் பல கடைகளில் ஸ்டாக் இல்லை. வாங்கித் தீர்த்தவர்கள் கேன்சர் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும்.

மருந்தின் பெயர் ஃபென்பெண்டசோல். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஜோ டிப்பன்ஸ் என்பவர், பரவிவிட்ட நுரையீரல் கேன்சரோடு இதைச் சாப்பிட்டார், கட்டிகள் மறைந்தன. யூடியூப் வழியாகக் கொரியாவுக்கு வந்தது இந்தக் கதை. அதே சமயத்தில் அவர் கீட்ரூடா என்ற கேன்சர் மருந்தின் ஆய்விலும் நோயாளியாக இருந்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கேன்சர் மீது ஏவிவிடும் இம்யூனோதெரபி மருந்து அது. கதை வாய் மாறி வாய் போகையில் இந்த வரி உதிர்ந்துபோனது.

[திரையில்: செல்லின் உள்ளே குழல்கள், வரைபடம்]

மருந்தில் விஷயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பந்தலுக்கு மூங்கில் மாதிரி, செல்லுக்கு உள்ளே டியூபுலின் என்ற புரதம் குழல் குழலாகச் சேர்ந்து நிற்கிறது. ஃபென்பெண்டசோல் புழுவின் உடம்பில் அந்தக் குழல்களைச் சேரவிடாது. கேன்சருக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டினும் கை வைப்பது டியூபுலினில்தான். அதனால் ஆய்வகத் தட்டில் கேன்சர் செல்கள் சாகின்றன. தட்டில் மருந்தை நேராகச் செல் மேலேயே ஊற்றிவிடலாம். விழுங்கினால் கதை வேறு. தண்ணீரில் சரியாகக் கரையாத மருந்து இது, பெரும்பகுதி குடலோடு போய்விடும். பூச்சி குடலில் இருப்பதால் நாய்க்கு அது போதும். நுரையீரல் கட்டிக்கு எவ்வளவு போய்ச் சேரும்?

கொரிய நகைச்சுவைக் கலைஞர் கிம் சுல்-மின், நான்காம் நிலை நுரையீரல் கேன்சரில் இதைச் சில மாதங்கள் எடுத்தார். பலனில்லை என்று அவரே சொல்லி நிறுத்தினார். 2021 டிசம்பரில் காலமானார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நிலையில் கையில் கிடைத்ததை யார்தான் பிடித்துப் பார்க்க மாட்டார்கள்?

[திரையில்: குழந்தைகள் வார்டு]

பூச்சி மருந்து வேறு நோய்க்கு உதவிய கதையும் உண்டு, நம் ஊரிலேயே. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் வந்த குழந்தைக்குச் சிறுநீரில் புரதம் இறங்கி, கண்ணும் காலும் வீங்கும். சரியாகிச் சரியாகித் திரும்பி வரும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டீராய்டைக் குறைப்பதற்காக டாக்டர்கள் லெவமிசோல் கொடுக்கிறார்கள். அதுவும் பழைய பூச்சி மருந்துதான். ஆனால் அளவு, எடைக்குத் தக்கபடி, ஒருநாள் விட்டு ஒருநாள். வெள்ளை அணுக்கள் இறங்குகிறதா என்று ரத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

தானாக விழுங்குகிறவருக்கு அப்படிப் பார்க்க யாரும் இல்லை. 2021-ல் ஜப்பானிய டாக்டர்கள் ஒரு மூதாட்டியைப் பற்றி எழுதினார்கள். கேன்சருக்குச் சிகிச்சை நடக்கும்போதே ஃபென்பெண்டசோலும் சாப்பிட்டிருக்கிறார். கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதை நிறுத்தியதும் தேறியது. கட்டி சுருங்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி எடுத்துக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் மறைப்பார்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வையுங்கள். லிவர் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.