தலைகீழாகத் தொங்கிய செம்பருத்திக் குச்சி எங்கே வேர் விட்டது?

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருக்கும் இந்த இரண்டு செம்பருத்திக் குச்சிகளும் ஒரே கிளையிலிருந்து ஒரே நாளில் வெட்டப்பட்டவை. இரண்டின் இரு முனைகளிலும் ஈரமான தென்னை நார்க்கழிவை ஒரே அளவில் துணியால் சுற்றிக் கட்டி, ஒன்றை நேராகவும் மற்றொன்றைத் தலைகீழாகவும் ஒரு மூடிய பெட்டிக்குள் நிழலில் தொங்கவிட்டிருந்தேன். ஐந்து வாரங்களுக்குப் பிறகு இன்று காலையில்தான் கட்டைப் பிரித்தேன்.

கேமராவை அருகில் கொண்டுவருகிறேன். நேராகத் தொங்கிய குச்சியின் அடியில், வெட்டுவாயைச் சுற்றி வெளிர்மஞ்சளாகப் புடைத்திருப்பது கேலஸ் எனப்படும் திசு. அதற்குச் சற்று மேலே, பட்டையைப் பிளந்துகொண்டு நான்கு வெள்ளை வேர்கள் வந்திருக்கின்றன. தலைகீழாகத் தொங்கிய குச்சியைப் பாருங்கள். தரையை நோக்கியிருந்த நுனியில் ஒரு வேர்கூட இல்லை. வானத்தை நோக்கியிருந்த அடிமுனையில்தான் மூன்று வேர்கள் இருக்கின்றன. ஹெர்மன் ஃபோக்டிங் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், வில்லோ மரக் கிளைகளை இதேபோல் தொங்கவிட்டுக் கண்டதை 1878ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்.

குச்சிக்குத் தன் அடி எது, நுனி எது என்று தெரிவது ஆக்சின் என்ற ஹார்மோனால்தான். தளிரிலும் இளம் இலைகளிலும் உருவாகும் ஆக்சின், தண்டின் ஒவ்வொரு செல்லையும் கடந்து அடியை நோக்கி இறங்குகிறது. அதை வெளியேற்றும் புரதங்கள், செல்லின் எல்லாச் சுவர்களிலும் பரவி இருக்காமல், வேர்ப்பக்கத்துச் சுவரை ஒட்டியே பெரும்பாலும் அமைந்திருப்பதால், அந்த ஓட்டம் ஒருவழிப் பாதையாக இருக்கிறது. குச்சியை நாம் தலைகீழாக்கினாலும் செல்லுக்குள் அந்தப் புரதங்களின் இடம் உடனே மாறிவிடுவதில்லை. ஆகவே ஆக்சின் தன் பழைய வழியிலேயே சென்று, வெட்டப்பட்ட இடத்துக்கு அப்பால் போக வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. அந்தத் தேக்கம், சாற்றுக்குழாய்களை ஒட்டியுள்ள சில செல்களை மீண்டும் பிரியத் தூண்டி, வேராக மாற்றுகிறது. முருங்கைப் போத்து நடும்போது அடியும் நுனியும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் நம் பெரியவர்களின் கவனத்துக்கு இதுவே அடிப்படை.

ஆனால் ஆக்சின் வேரை உருவாக்குகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டால், பாதி உண்மையை மட்டும் சொன்னவனாவேன். ஈரக் காகிதத்தில் முளைவிட்ட இந்த மொச்சை விதையை நேற்று மாலை கிடைமட்டமாகப் படுக்கவைத்தேன். இப்போது தண்டு மேல்நோக்கியும் வேர் கீழ்நோக்கியும் வளைந்திருக்கின்றன. இரண்டிலும் ஆக்சின் தரையை நோக்கிய கீழ்ப்பக்கத்தில்தான் கூடுதலாகச் சேர்கிறது. தண்டில் அந்த அளவு செல்களை நீளச் செய்கிறது. மிகக் குறைந்த அளவுக்கே இணங்கும் வேரிலோ, அதே கூடுதல் அளவு வளர்ச்சியைத் தடுக்கிறது. ஒரே பொருள் ஓர் உறுப்பில் முடுக்கியாகவும் மற்றோர் உறுப்பில் தடையாகவும் இருப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

வேர்விடும் பொடியை நிறையப் பயன்படுத்தினால் நல்லது என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் ரோஜாக் குச்சிகளின் அடியில் பொடியைத் தடிமனாக அப்பி நட்டேன். அடிப்பகுதி கறுத்து, கணுக்களின் மொட்டுகள் விரியாமலேயே பல குச்சிகள் வீணாயின. அந்தப் பொடியில் பெரும்பாலும் இருப்பது இண்டோல் பியூட்டிரிக் அமிலம் என்ற ஆக்சின் வகை. செடியில் இயல்பாகப் பெருமளவில் இருக்கும் ஆக்சின் வெளிச்சத்தில் எளிதில் சிதைந்துவிடும் என்பதால், அதைவிட நிலையான இதைப் பயன்படுத்துகிறார்கள். தொட்டு, தட்டி உதிர்த்த பிறகு ஒட்டியிருக்கும் அளவே போதும். மேலே ஓரிரு இலைகளை விட்டுவைத்தால் அவையும் ஆக்சினைக் கீழே அனுப்பும்.

ஆக்சினுடன் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் எந்த விகிதத்தில் சேர்கிறது என்பதும் உறுப்பைத் தீர்மானிக்கிறது. 1957ஆம் ஆண்டில் ஸ்கூக், மில்லர் ஆகிய இருவரும் புகையிலைத் தண்டின் உட்சோற்றுத் திசுவில் இதைக் காட்டினார்கள்: ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் குருத்து, இரண்டும் இடைப்பட்ட விகிதத்தில் இருந்தால் உருவமற்ற கேலஸ். நம் விவசாயிகள் வாங்கும் திசு வளர்ப்பு வாழைக்கன்றுகள், முதலில் சைட்டோகைனின் மிகுந்த ஊடகத்தில் குருத்துகளாகப் பெருக்கப்பட்டு, பிறகு வேர்விடும் ஊடகத்துக்கு மாற்றப்படுபவை.

விதையில் நடப்பது வேறு இரண்டு ஹார்மோன்களின் இழுபறி. விதைநெல்லை ஊறவைத்து மூட்டம் போடும்போது, முளைக்கருவிலிருந்து ஜிப்ரெல்லின் புறப்பட்டு, மாவுப்பகுதியைச் சூழ்ந்த மெல்லிய அடுக்கை எட்டி, மாவைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் நொதியைச் சுரக்கச் செய்கிறது. முளைக்கருவை வெட்டி நீக்கிய வாற்கோதுமை மணியில்கூட, ஜிப்ரெல்லினை வெளியிலிருந்து கொடுத்தாலே மாவு கரைகிறது என்பதை 1960ஆம் ஆண்டில் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் தனித்தனியே கண்டார்கள். இந்த வேலையைத் தொடங்கவிடாமல் மணியை உறங்கவைப்பது அப்சிசிக் அமிலம். உறக்கம் குறைந்த நெல் ரகங்களில், அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு கதிர் சாய்ந்து நனைந்தால், அந்தத் தடை தளர்ந்து மணிகள் கதிரிலேயே முளைத்துவிடுகின்றன. குறுவை அறுவடையின்போது டெல்டாவில் அப்படி முளைத்த கதிரை ஒரு விவசாயி என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு மணியிலும் பச்சை முளை விரல்நக நீளத்துக்கு நின்றிருந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவர் பட்ட பாடு அந்த முளைகளில் கரைந்துபோயிருந்தது.

தலைகீழாகத் தொங்கிய இந்தக் குச்சியை இப்போது வேர்கள் கீழே இருக்கும்படி திருப்பித் தொட்டியில் நடுகிறேன். இரண்டு கணுக்கள் மண்ணுக்கு மேலே தெரிகின்றன. குருத்து அவற்றில் எதிலிருந்து முதலில் வருகிறது என்பதை அடுத்த காணொளியில் காட்டுகிறேன்.