மழைத்தண்ணீர் எந்த ஒழுங்கையில் நிற்கிறது?

(உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வெள்ளவத்தையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு கேள்வி. நேற்றுப் பின்னேரம் பெய்த மழைக்கு உங்கள் வீட்டுப் பக்கம் எந்த ஒழுங்கையில் தண்ணீர் நின்றது? அடேயப்பா, எத்தனை கை! பக்கத்து ஒழுங்கை மட்டும் எப்படிக் காய்ந்து கிடந்தது என்று யோசித்தீர்களா? யோசித்திருந்தால் புவியியலுக்குள் காலை வைத்துவிட்டீர்கள், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் எல்லாம் பிறகுதான்.

நான் இந்தப் பாடத்தை எடுத்தபோது வீட்டில் பெரிய சந்தோஷம் ஒன்றுமில்லை. "படிச்சிட்டு டீச்சராப் போறதுக்கா?" என்றார் பெரியப்பா. பட்டம் முடித்துப் போன முதல் நேர்முகத் தேர்வில், முன்னால் இருந்தவர் மொங்கோலியாவின் தலைநகரத்தைக் கேட்டார். உலான்பாட்டர் என்று சரியாகத்தான் சொன்னேன், வேலை கிடைக்கவில்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தலைநகரங்களைப் பாடமாக்குவதுதான் புவியியல் என்று நினைக்கிறவர்கள் ஒரு பக்கம், பாறை, கனிமம் பற்றிப் படிக்கிற புவிச்சரிதவியலோடு போட்டுக் குழப்பி, கல்லைக் கொண்டு வந்து "இது மாணிக்கமா பாருங்கோ" என்கிறவர்கள் மறுபக்கம்.

கம்பஸில் முதல் வருடம் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத் தாளை விரித்து வைப்பார்கள். முழு இலங்கையும் 1:50,000 அளவில் 92 தாள்கள். அதில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற கபில நிறச் சமவுயரக் கோடுகள் நெருக்கி நெருக்கி வந்தால் சரிவு கடுமை, விலகி விலகிப் போனால் நிலம் தட்டை. இவ்வளவுதான் விஷயம், ஆனால் ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால் தாளைப் பார்க்கும்போதே மலை எழும்பி நிற்கும். அந்த நெருக்கமான கோடுகளுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயன் வரிசை இருந்தால் வயிற்றைப் பிசையும். 2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை அப்படியே மூடியது. அது ஆபத்தான இடம் என்று தெரியாமல் நடக்கவில்லை, முன்னரே எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தும் சனம் அங்கேயேதான் இருந்தது, மாறிப் போவதென்றால் வேறு காணியும் வீடும் வேண்டாமா?

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், மண்சரிவு அபாய வரைபடம் போடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலைகளில் ஒன்று, 2005இல் இடர் முகாமைத்துவச் சட்டம் வந்த பிறகு இடர் முகாமைத்துவ நிலையமும் இருக்கிறது. அந்த வரைபடத்தைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய், லயத்து ஆச்சியிடம் தமிழில் சொல்லி, அவர் சொல்வதைத் திரும்பக் கொழும்பு அலுவலகத்தில் சிங்களத்தில் எழுதிக் கொடுக்கக்கூடிய ஆள் லேசில் கிடைப்பதில்லை. அதனால் சிங்களம் வராது என்று ஒதுங்கி நிற்காதீர்கள் பிள்ளைகள்.

அப்புறம் ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடம் போடுகிற புவியியல் தகவல் முறைமை. பேர்தான் பயங்கரம். எண்ணெய்த்தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக விரிக்கிற சங்கதி: ஒரு தாளில் கொழும்பின் கால்வாய்கள், அடுத்ததில் நிலத்தின் உயரம், மூன்றாவதில் டெங்கு நோயாளிகளின் வீடுகள். 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் புகை அடிக்கிற ஆட்களை முதலில் எங்கே அனுப்புவது என்று தெரியும். கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், லேண்ட்சாட் செய்மதிப் படங்களும் 2008 முதல் இலவசம். இன்றிரவே கூகுள் ஏர்த்தில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பாருங்கள், காலி முகத்திடலுக்குப் பக்கத்தில் கடலாக இருந்தது கண்ணுக்கு முன்னால் 269 ஹெக்டேயர் துறைமுக நகரமாக மாறும்.

வேலை எங்கே என்று அம்மாமார் பார்க்கிற பார்வை விளங்குகிறது. ஆசிரியர் வேலை இருக்கிறது, அதை இளக்காரமாகப் பேச வேண்டாம். இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சை எழுதலாம். நகரத் திட்டமிடல், புள்ளிவிபரம், தொண்டு நிறுவனங்கள், சாமான் விநியோகிக்கிற கொம்பனிகள் என்று வரைபடம் தேவைப்படாத இடம் குறைவு. ஆனால் வெறும் பட்டத்தோடு போய் நின்றால் கஷ்டம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கையில் ஜிஐஎஸ்ஸில் நீங்களே செய்த இரண்டு மூன்று வரைபடமாவது இருக்க வேண்டும். சேவேயர் ஆகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை தம்பி, அது வேறு பாதை, அதற்கு நில அளவையியல்தான் படிக்க வேண்டும்.

கணக்கு வராத பிள்ளைக்குச் சரிவருமா என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார். கேத்திர கணிதம் அவ்வளவு வேண்டாம் அம்மா, புள்ளிவிபரம் கொஞ்சம் வேண்டும், பழகினால் வரும். வெயிலில் நடக்கப் பஞ்சிப்படுகிற பிள்ளை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

விருப்பமானவர்கள் ஞாயிறு காலை ஆறரைக்கு வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்துக்கு வாருங்கள். அலை மணலைக் கொண்டு வந்து கால்வாயின் வாயை அடைப்பதைக் காட்டுகிறேன், நேற்று உங்கள் ஒழுங்கையில் நின்ற தண்ணீரை அங்கிருந்தே பின்னோக்கித் தேடிக்கொண்டு போகலாம். நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.