தொப்பியைக் குத்திக் கிழித்த கை

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

பாரிஸ் நகரம், 1924. ஓர் ஓட்டல் அறையில் வயதான பயிற்சியாளர் ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் பழக்கிய இளைஞன் பக்கத்து ஸ்டேடியத்தில் ஒலிம்பிக் நூறு மீட்டர் ஓடுகிறான். இவர் அங்கே போக முடியாது. காசு வாங்கிக்கொண்டு பயிற்சி கொடுப்பவர் என்பதால் கனவான்களின் விளையாட்டு உலகத்தில் இவருக்கு இடமில்லை. ஓட்டத்தை அவர் பார்க்கவில்லை. பிறகு ஜன்னல் வழியே பிரிட்டிஷ் கொடி மேலே ஏறுவது தெரிகிறது, தேசிய கீதம் கேட்கிறது. பையன் ஜெயித்துவிட்டான். கிழவர் என்ன செய்கிறார் தெரியுமா? தன் தொப்பியை முஷ்டியால் குத்திக் கிழித்துவிடுகிறார்.

1981இல் வந்த 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படம். பயிற்சியாளர் சாம் முஸாபினியாக நடித்தவர் பிரிட்டிஷ் நடிகர் இயன் ஹோம். ஆஸ்கருக்குத் துணை நடிகராகப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. வாங்கியவர் ஜான் கில்குட். வேடிக்கை என்னவென்றால், கில்குட்டும் இதே படத்தில் கல்லூரித் தலைவராக வருகிறார்; அவருக்குப் பரிசு கிடைத்தது வேறொரு படத்துக்கு!

குணச்சித்திர நடிகர் என்று நாம் ஓர் அருமையான சொல்லை வைத்திருக்கிறோம். குணத்தைச் சித்திரமாக்குபவர். ஆனால் கதாநாயகன் ஆக முடியாதவருக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு போல அதைப் புழங்கிப் புழங்கித் தேய்த்துவிட்டோம். ஹோமின் கதையை இங்கே எடுத்துக்கொண்டதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

1931இல் எஸ்ஸெக்ஸ் பகுதியில் குட்மேஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அப்பா மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர், அம்மா செவிலியர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, 1994இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பித்தத்தைப் பற்றி வந்த படத்தைப் பாருங்கள். மன்னருக்கு வைத்தியம் செய்ய வரும் டாக்டர் வில்லிஸ் இவர்தான். பெரிய மருத்துவர்களெல்லாம் தலை நிமிராமல் நிற்கும் இடத்தில், இவர் மன்னரின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கிறார். அடங்காத மன்னரை நாற்காலியில் கட்டிப்போடச் செய்கிறார். குரல் உயர்த்துவது அபூர்வம். அந்தப் பார்வையை நாடகப் பள்ளியில் மட்டும் கற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் ஊகம்தான், சாட்சி கேட்காதீர்கள்.

லண்டன் ராயல் நாடகக் கலை அகாடமியில் படித்தார். நடுவே கட்டாய ராணுவ சேவை. 1954இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் அவருடைய 'ஒதெல்லோ' நாடகத்தில் ஈட்டி பிடித்து நின்றார். ஈட்டியிலிருந்து கிரீடத்துக்கு வர ஒன்பது ஆண்டு ஆனது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் மன்னர் வேடங்கள்: 1963இல் மூன்றாம் ரிச்சர்ட், அடுத்த ஆண்டு ஐந்தாம் ஹென்றி. ஆள் குள்ளம், ராஜகம்பீரம் என்று நாம் நினைக்கும் உடல்வாகு கிடையாது. இந்தக் குள்ள உருவத்துக்காகவே நெப்போலியன் வேடம் மூன்று முறை அவரைத் தேடி வந்தது என்று நினைக்கிறேன்.

1965இல் பிரிட்டிஷ் நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டரின் 'தி ஹோம்கமிங்' நாடகம். அதில் லென்னி என்ற பாத்திரம். நாசூக்காகப் பேசும் போக்கிரி. பின்டரின் நாடகங்களில் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே வரும் மௌனம்தான் ஆளைக் கொல்லும். ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு லென்னியும் அண்ணன் மனைவியும் மோதும் இடத்தில் கத்தியும் இல்லை, கூச்சலும் இல்லை. ஆனாலும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. நியூயார்க்கில் அதே வேடத்துக்கு 1967இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது வாங்கினார்.

இனிதான் முக்கியமான இடம். 1976. அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீலின் 'தி ஐஸ்மேன் கமத்' நாடகம், முன்னோட்டக் காட்சிகள். இருபது ஆண்டு மேடையில் நின்ற மனிதருக்குத் திடீரென்று நடிக்க முடியவில்லை. பயம். மேடையை விட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, அபூர்வமாக ஒரு தடவை தவிர, அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. நாடகக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் அந்தப் பயம் புரியும். வசனம் மறப்பதல்ல அது. இத்தனை பேர் எதற்காக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றிவிடுவது. தோன்றிவிட்டால் தீர்ந்தது.

மேடை இழந்ததைக் கேமரா எடுத்துக்கொண்டது. 1979இல் 'ஏலியன்'. விண்கலத்தின் அறிவியல் அதிகாரி ஆஷ் மனிதனே அல்ல, இயந்திரம் என்பது பாதிக்கு மேல்தான் தெரியவரும். தெரிந்த பிறகு படத்தை மறுபடி பாருங்கள். ஓரிடத்தில் ஆஷ் தனியாக இருக்கும்போது நின்ற இடத்திலேயே சற்று ஓடுவார். காரணமே இல்லாத அசைவு. மனிதன் இப்படித்தான் செய்வான் என்று மனப்பாடம் செய்த ஒன்று அதைச் செய்து பார்க்கிறது! கடைசி வரிசைக்கு எட்டாத இத்தகைய சின்னச் சின்ன விஷயங்களைத் திரை பிடித்துக்கொள்கிறது. இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தொப்பி.

மேடைக்கு அவர் திரும்பியது 1993இல், மறுபடியும் பின்டர் நாடகத்தில்தான். எப்படித் திரும்பினார் தெரியுமா? படுத்துக்கொண்டு. சாகக் கிடக்கும் மனிதன் வேடம்; கட்டிலை விட்டு எழ வேண்டியதில்லை. நான்கு ஆண்டு கழித்து, லண்டன் நேஷனல் தியேட்டரின் மூன்று அரங்குகளில் மிகச் சிறியதான காட்டெஸ்லோவில் லியர் மன்னன். இயக்கியவர் ரிச்சர்ட் அயர். பார்வையாளர்கள் கை நீட்டினால் தொடும் தூரம். புயல் காட்சியில் அறுபத்தைந்து வயது மனிதர் ஆடையையும் களைந்துவிட்டு நின்றார். கூட்டத்தின் பார்வைக்குப் பயந்து ஓடிய அதே மனிதர். 1998இல் அதற்குப் பிரிட்டிஷ் நாடக உலகின் ஒலிவியே விருது கிடைத்தது. 'சர்' பட்டமும் அதே ஆண்டுதான்.

உங்களில் இளைஞர்களுக்கு அவரை 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் பில்போ பேகின்ஸாகத் தெரிந்திருக்கும். 1981இல் அதே கதையின் பிபிசி வானொலித் தொடரில் அவர் கதாநாயகன் ஃப்ரோடோவுக்குக் குரல் கொடுத்தார். இருபது ஆண்டு கழித்துத் திரையில் பில்போ. அதன் முன்கதையான 'ஹாபிட்' படங்களை எடுக்கும்போது நியூசிலாந்துக்குப் பயணம் செய்ய உடல் இடம் தரவில்லை. அவர் பகுதியை லண்டனிலேயே எடுத்தார்கள். பார்க்கின்சன் நோய். 2020 ஜூன் மாதம் காலமானார், வயது எண்பத்தெட்டு.

நேரமாகிறது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விளக்குகளை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஓட்டல் அறைக் காட்சியைப் போடுகிறார்கள். கொடியைப் பார்க்காதீர்கள், எப்படியும் தெரியும். அவர் கையைப் பாருங்கள்.