இம்பாலுக்கு சியோல்தான் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டு சினிமா, பாட்டு, சீரியல் எல்லாம் ஒரு சமூகத்தோட நடத்தையை மாத்துதான்னு பேசச் சொல்லிருக்காங்க. இந்தத் தலைப்புக்கு ஜீன்ஸ், பீட்சா, டேட்டிங்னு நாலு திட்டு திட்டினா கைத்தட்டல் வந்துடும், ஆனா எனக்கு அதுல இஷ்டமில்ல. நான் மணிப்பூர்ல ஆரம்பிக்கிறேன்.

2000ம் வருஷம் செப்டம்பர்ல அங்க ஆர்பிஎஃப், அதாவது ரெவல்யூஷனரி பீப்பிள்ஸ் ஃப்ரண்ட்ங்கற தடை செய்யப்பட்ட ஆயுத அமைப்பு இந்திப் படம் எங்கயும் ஓடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு, காரணம் மணிப்பூரிப் பண்பாடு அழியுதாம். துப்பாக்கி வச்சிருக்கவன் சொன்னா தியேட்டர்காரர் என்ன பண்ணுவாரு, நிறுத்திட்டாரு. உள்ளூர் மொழிப் படங்களுக்கு அதுல நல்ல இடம் கிடைச்சது வாஸ்தவம்தான், ஆனா ஜனங்களுக்கு அது மட்டும் போதுமா, கேபிள்ல ரிமோட்டைத் தட்டிக்கிட்டே போனவங்க அரிராங்னு ஒரு கொரியா சேனல்ல போய் நின்னாங்க, கீழ இங்கிலீஷ் சப்டைட்டில் வேற ஓடுது. அப்புறம் கொரியன் சீரியல் சிடி எல்லாம் மோரே வழியா வர ஆரம்பிச்சுச்சு. மோரே பர்மா பார்டர்ல இருக்கற சந்தை ஊரு. 1960கள்ல பர்மாவ விட்டு வந்த நம்ம தமிழ் ஜனங்க திரும்பிப் போகப் பாத்து, முடியாம அங்கயே தங்கிட்டாங்க, கோயில், தமிழ்ச் சங்கம்னு இன்னிக்கும் இருக்காங்க.

கொஞ்ச வருஷத்துல மணிப்பூர் தலைநகர் இம்பால் சலூன்ல பசங்க கொரியன் ஹீரோ மாதிரி வெட்டச் சொல்றாங்க, பொண்ணுங்க நெத்தியில முடிய இறக்கி விடுறாங்க, ஃபிரெண்ட்ஸைப் பாத்தா ஹலோவுக்குப் பதிலா "அன்யோங்", லவ்வர் கிட்ட ஐ லவ் யூவுக்கு "சாராங்ஹே". ஒரு அந்நியக் கலாச்சாரம் வேணாம்னு கதவ சாத்துனாங்க, இன்னொன்னு ஜன்னல் வழியா வந்து உக்காந்துடுச்சு.

ஏன் கொரியா? ஹாலிவுட்டும்தான் கிடைச்சது. என்னைக் கேட்டா முக்கியமான காரணம் மூஞ்சிதாங்க. கண்ணும் கன்னமும் தன்னை மாதிரியே இருக்கற ஒருத்தன் ஹீரோவா வர்றான், அழகன்னு ஊரே கொண்டாடுது. பாலிவுட் அதை அவங்களுக்குக் குடுத்ததே இல்ல. 2014ல மணிப்பூர் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் கதையையே படமா எடுத்தாங்க, அதுல மேரி கோமா நடிச்சது யாரு, பிரியங்கா சோப்ரா! தடை இருந்ததால அந்தப் படம் மணிப்பூர் தியேட்டர்ல ஓடவும் இல்ல, அது தனிக் கூத்து.

அதுக்காக மணிப்பூர் கொரியா ஆயிடுச்சான்னா இல்ல. அன்யோங் சொல்ற அதே பொண்ணு கோயிலுக்குப் போறப்ப ஃபனெக்ங்கற அந்த ஊரு பாவாடையக் கட்டிக்குது, வீட்டுக் குழம்புல ஙாரிங்கற புளிக்க வச்ச மீனு இல்லாம சோறு இறங்காது. தலைமுடி மாத்துறதுக்கு அரை மணி நேரம் போதும், நாக்கு அப்படி இல்லயே.

இதுக்கு நேர் எதிரா ஃபிஜித் தீவு. அங்க நல்லா புஷ்டியா இருக்கறதுதான் லட்சணம், வந்தவங்கள வயிறு முட்ட சாப்பிட வைக்கிறதுதான் மரியாதை. நட்ரோகாங்கற பகுதிக்கு 1995ல டிவி வந்துச்சு, பெரும்பாலும் வெளிநாட்டு ப்ரோக்ராம், எல்லாம் ஒல்லிப் பொண்ணுங்க. ஆன் பெக்கர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் டிவி வந்த புதுசுலயும் 1998லயும் ஸ்கூல் பொண்ணுங்கள விசாரிச்சாங்க. எடை குறைக்க வேணும்னே வாந்தி எடுக்கறவங்க முதல்ல ஒருத்தர் கூட இல்ல, மூணு வருஷத்துல 11 சதவீதம். ரெண்டு தடவையும் சேத்து நூத்துச் சொச்சம் பேரு, ரெண்டும் வேற வேற பொண்ணுங்க, சின்ன ஆய்வுதான், அதை வச்சு உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, ஆனாலும் பூஜ்யத்துலேர்ந்து பதினொண்ணுங்கறது எனக்கு வயித்தக் கலக்குது.

ரெண்டு இடத்துலயும் வந்தது வெளிநாட்டு டிவிதான். மணிப்பூர்ல தன் மூஞ்சி மேல ஒரு பெருமை வந்துச்சு, ஃபிஜில தன் உடம்பு மேல வெறுப்பு. அதனால எந்த நாட்டுலேர்ந்து வருதுங்கறத விட, பாக்குறவன் அதுல தன்னை எங்க வச்சுப் பாக்குறான்னு கவனிக்கணும்னு நான் நினைக்கிறேன்.

இன்னும் ஒண்ணு. 2014 ஜனவரில டெல்லி லஜ்பத் நகர்ல நிடோ டானியான்னு ஒரு அருணாச்சல மாணவரு, ஒரு கடையில அட்ரஸ் கேக்கப் போனாரு. அவரு கலர் அடிச்ச முடியையும் தோற்றத்தையும் வச்சுக் கிண்டல் பண்ணாங்க, சண்டையாச்சு, அடிச்சாங்க, மறுநாள் செத்துட்டாரு. அதுக்கப்புறம்தான் வடகிழக்கு மக்களோட பிரச்சினைய ஆராய பெஸ்பருவா கமிட்டியே வந்துச்சு. முடி கலர் பண்ற பசங்களப் பாத்து எந்த நாட்டு சீரியல் பாத்துக் கெட்டுப் போனாங்கன்னு மேடை போட்டுக் கேக்குறோம், அன்னிக்கு அடிச்சவங்க எதைப் பாத்து வளந்தாங்கன்னு கேட்டு யாரும் இதுவரைக்கும் என்னை மேடைக்குக் கூப்பிட்டதில்ல.