கல்லாப்பெட்டி ஓரத்து நோட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வேலூரில் மெத்தைக் கடை வைத்திருப்பவன். அப்பா ஆரம்பித்த கடை. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, திண்டு, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. சிறு கடைக்காரர்கள் வீடியோ போட்டு வியாபாரத்தைப் பெருக்குவது பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். படமே தெரியாத வானொலியில் போய் வீடியோவைப் பற்றிப் பேசப் போகிறீர்களா என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இந்த வேலையில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம் என்பது என் அனுபவம்.

முதலில் காசு விட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால், விளம்பரப் படம் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். 15,000 ரூபாய் பேசி முடித்தோம். கோட்டை அகழியைக் காட்டினார், காட்பாடி ரயில் நிலையத்தைக் காட்டினார், பாலாற்றுப் பாலத்தில் பொழுது சாய்வதைக் காட்டினார். கடைசியில் எங்கள் கடைப் பலகை ஒரு நொடி வந்து போனது. பார்த்தவர்கள் எல்லாரும் படம் நன்றாக இருக்கிறது என்றார்கள். தலையணை வேண்டும் என்று ஒருவரும் வரவில்லை. பின்னணியில் சினிமாப் பாட்டு வேறு. பத்து நாளில் அந்தப் பாட்டும் நீக்கப்பட்டு, படம் ஊமையாகிவிட்டது.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி கடைக்கு வந்தார். பேத்திக்குக் கல்யாணம், சீர் வரிசைக்கு இரண்டு தலையணை வேண்டும். எடுத்துக் கொடுத்ததைத் தூக்கிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். "இன்னாப்பா, பஞ்சுதானா இது? போன தபா ஒருத்தன் கிழிஞ்ச துணிய அடைச்சுக் குடுத்துட்டான்."

நான் பதில் சொல்லவில்லை. பிளேடை எடுத்து ஓரத் தையலை நாலு விரல் அகலத்துக்குப் பிரித்தேன். உள்ளே கைவிட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். லேசாகப் பழுப்பேறிய வெள்ளை, பட்டு மாதிரி மினுமினுப்பு. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. விரலால் அழுத்தினேன், மறுபடி மேலே வந்தது. தையல் மெஷினுக்குக் கீழே கிடந்த வெட்டுத் துணியைப் பக்கத்து டம்ளரில் போட்டேன். அது ஊறி, மெதுவாக இறங்கி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பாட்டி இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மூணாக் குடு" என்றார்.

கடையில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகன் இதைச் செல்போனில் எடுத்திருக்கிறான். முகம் எதுவும் இல்லை. என் கை, தலையணை, இரண்டு டம்ளர், அவ்வளவுதான். "மாமா, இதப் போட்டுடட்டா?" என்றான். மொத்தம் 40 நொடி. அந்த வாரம் ராணிப்பேட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் போன் வந்தது.

இலவம்பஞ்சின் இழை உள்ளே குழாய் போலக் காலியாக இருக்கும், அதில் காற்று நிற்கும். மேலே மெழுகுத் தன்மை உண்டு, சட்டென்று தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு உடைகளுக்குள் இந்தப் பஞ்சை அடைத்திருக்கிறார்கள். போடியிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற பஞ்சுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். இதையெல்லாம் யாருக்காவது சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. தினமும் பார்ப்பதால் நமக்கு அது ஒரு விஷயமாகவே தெரிவதில்லை. வாங்க வருகிறவருக்கோ அதுதான் சந்தேகமே.

அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "பாலியெஸ்டர் பஞ்சும் உடனே மூழ்காதே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?" நியாயமான கேள்வி. என் டம்ளர் சோதனையில் ஓட்டை இருக்கிறது. ஒப்புக்கொண்டு, அதையே அடுத்த வீடியோ ஆக்கினேன். இதில் ஒரு சிட்டிகை, அதில் ஒரு சிட்டிகை, இரும்புத் தட்டில் தனித்தனியாகக் கொளுத்தினேன். இலவம்பஞ்சு காகிதம் மாதிரி குப்பென்று எரிந்து சாம்பலானது. மற்றது உருகிச் சுருண்டு, ஆறியதும் மணி மாதிரி இறுகிவிட்டது. தயவுசெய்து இதைக் கடைக்குள் செய்துவிடாதீர்கள். நான் பின்வாசலில், பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்தேன்.

அன்றிலிருந்து கல்லாப்பெட்டி ஓரத்தில் ஒரு 40 பக்க நோட்டு கிடக்கிறது. ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டால் அதில் எழுதுவேன், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே. மூன்றாவது ஆளும் கேட்டால் படம் எடுத்துவிடுவோம். ஆறுக்கு நாலு கட்டிலுக்கு எத்தனை கிலோ பஞ்சு பிடிக்கும்? தலையணையைத் துவைக்கலாமா? பழைய மெத்தையைப் பிரித்துப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்துத் தருவீர்களா? கார்த்திகை மழையில் மெத்தை நாறுகிறதே, என்ன செய்ய? ஒவ்வொன்றும் ஒரு வீடியோ.

வெயில் வீடியோவை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வேலூர் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. மெத்தைக்காரனுக்கு அது செலவில்லாத மெஷின். அமுங்கிப்போன மெத்தை ஒன்றை மொட்டை மாடியில் போடுவதற்கு முன் ஸ்கேல் வைத்து உயரம் காட்டினோம். மத்தியானம் திருப்பிப் போட்டு, கம்பால் தட்டி, சாயங்காலம் அதே இடத்தில் அதே ஸ்கேலை வைத்தோம். பேச்சே வேண்டியிருக்கவில்லை.

நோட்டில் ஒரு கேள்வியை மட்டும் தொடவில்லை. எந்தத் தலையணை வைத்தால் கழுத்து வலி போகும் என்பது. அந்தத் தலைப்பில் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள், தெரியும். நான் பஞ்சு அடைக்கிறவன், மருத்துவர் இல்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படிப் பேசலாமா?

ஆஸ்பத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. இப்போது மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் வரையிலிருந்து வருகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் பலகைகூட வங்காளத்தில் இருக்கும். துணைக்கு வந்தவர்கள் ஊர் திரும்பும்போது, ரயிலுக்குச் சின்னத் தலையணை இருக்கிறதா என்று இந்தியிலும் சைகையிலும் கேட்பார்கள். லாட்ஜில் வேலை பார்க்கும் வங்காளப் பையன் ஒருவனைப் பேச வைத்து அதையும் எடுத்தோம். கூகுள் மேப்பில் நம் கடைப் பக்கத்தில் 30 நொடி வரையிலான வீடியோ ஏற்றலாம். வெளியூர்க்காரர் இந்த ஊரில் இறங்கியதும் முதலில் திறப்பது மேப்தான், அதனால் அங்கேயும் போட்டு வைத்தோம். நோயாளி குடும்பத்துக்கு ஒரு தலையணையை இலவசமாகக் கொடுத்து, அவர்கள் கண் கலங்குவதை எடுத்துப் போடுங்கள் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மெத்தைக்குச் சரி, என் தொழிலுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கிறவரிடம் வெளியூர்க்காரர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: குலாப் ஜாமூன்தானே இது? கத்தியால் பாதியாக நறுக்கி உள்ளே இருக்கும் பருப்புகளைக் காட்டினால் முடிந்தது. ஆம்பூரில் செருப்புக் கடை வைத்திருந்தால், மழையில் நனைந்த தோல் ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவைப்பதைக் காட்டலாம். இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் முள் குத்தாமல் அதை எப்படிப் பிடித்து நறுக்குவது என்பதுதானே வாங்குகிறவர் கவலை? தையற்கடை அக்காக்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. ரவிக்கைக்கு எத்தனை சென்டிமீட்டர் துணி வேண்டும் என்று ஒரு நாளில் எத்தனை பேர் கேட்கிறார்கள்!

கடைக்கு ஆள் வராத நாளில் நான் இரண்டு வேலை செய்வேன். யூடியூப் தேடல் பெட்டியில் "இலவம்பஞ்சு" என்று மட்டும் அடித்து நிறுத்தினால், கீழே வரிசையாக ஜனங்கள் தேடுவது வந்து நிற்கும். தமிழில் ஒரு தரம், அதையே ஆங்கில எழுத்தில் ஒரு தரம் அடித்துப் பாருங்கள், இரண்டு பட்டியலும் வேறு வேறாக இருக்கும். இன்னொன்று, கூகுளில் மற்ற மெத்தைக் கடைகளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியிருப்பதைப் படிப்பேன். ஐந்து நட்சத்திரத்தில் "அருமை" என்ற ஒரு சொல்தான் இருக்கும். ஒரு நட்சத்திரக்காரர்தான் எங்கே வலித்தது என்று பத்து வரி எழுதுவார். சொன்ன தேதிக்குத் தரவில்லை, உறை சாயம் போகிறது, உள்ளே கொட்டை இருக்கிறது. உடனே என் கடையில் பஞ்சில் கொட்டை எடுப்பதைப் படம் பிடித்துவிடுவேன்.

அந்த விளம்பரப் படத்தின் பாட்டு ஏன் நீக்கப்பட்டது என்று சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். சினிமாப் பாட்டு இன்னொருவர் சொத்து. கடை விளம்பரத்துக்கு அதைச் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்குக்கு மாறியதும் பல பாட்டுகள் பட்டியலில் இல்லாமல் போவது அதனால்தான். நாங்கள் கோணி ஊசி துணிக்குள் புகுந்து வருகிற சத்தத்தையே வைத்துவிட்டோம். குடியாத்தத்தில் தறி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி, தறி ஓடுகிற சத்தமே போதும். அப்புறம், எடுத்ததையெல்லாம் தனியாக ஒரு பிரதி சேமித்து வையுங்கள். 2020 ஜூனில் டிக்டாக் தடையானபோது, அங்கே மட்டும் போட்டு வைத்திருந்தவர்கள் பட்ட பாடு ஞாபகம் இருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசியாக எழுதியிருக்கும் கேள்வி, அசாமிலிருந்து வந்த ஒருவர் கேட்டது: "விமானத்தில் போகிறேன், இந்தத் தலையணையைக் கயிறு போட்டு இறுக்கினால் எவ்வளவு சின்னதாகும்? ஊரில் போய்ப் பிரித்தால் பழையபடி எழும்புமா?" போன வாரம் இன்னொருவரும் இதையே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக் காலை கடை திறந்ததும், அக்கா மகனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கட்டிப் பார்க்கப் போகிறேன்.

வணக்கம்.